தங்கக் கிவியின் மூக்கு

பழக்கடைகளில் மஞ்சள் சதைக் கிவி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, விலைதான் தாராளமில்லை. பச்சைக் கிவியின் தோலில் பழுப்பாகச் சுணை இருக்கும், மஞ்சளுக்குத் தோல் வழவழப்பு. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த மஞ்சள் பழத்தை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். அப்போது அதன் ஒரு முனையில் சின்னதாக மூக்கு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இன்றைக்கு விற்கும் பழத்தின் முனையைத் தடவிப் பாருங்கள், மொழுமொழுவென்று உருண்டையாக இருக்கும். ரகமே மாறிவிட்டது. மூக்கு வைத்த ரகத்தை ஒரு பாக்டீரியா சில வருடங்களுக்குள் சந்தையை விட்டே துரத்திவிட்டது.

இந்தக் கதையை என் மச்சினனுக்குச் சொல்ல நேர்ந்தது. திருவாரூர்ப் பக்கம் சம்பா சாகுபடி செய்கிறவன். வீட்டுக்கு வந்திருந்தபோது தட்டில் இருந்த கிவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம்கூட வியாதி வருமா அத்தான்?" என்று கேட்டான். போன சம்பாவில் அவன் வயலில் நெல் இலை நுனியிலிருந்து வைக்கோலாகக் காய்ந்து இறங்கியிருந்தது. கேள்வி அங்கேயிருந்து வந்தது. முதல் டீ தீர்ந்து இரண்டாவது டீயும் வந்த பேச்சு அது. அவன் குறுக்கே கேட்டவற்றையும் விடாமல் எழுதுகிறேன். நல்ல கேள்விகள் அவனுடையவை.

கிவியை நியூசிலாந்துப் பழம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது சீனத்துக் காட்டுக்கொடி. இசபெல் ஃப்ரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை 1904-ல் சீனாவின் யிச்சாங் நகரிலிருந்து விதைகளை எடுத்துவந்தார். 1910-ல் நியூசிலாந்தில் முதல் காய்ப்பு. வடக்குத் தீவில் பே ஆஃப் பிளென்டி என்ற கடலோர வட்டாரம் அதற்கு நன்றாக ஒத்துவந்தது. அங்குள்ள டே புக்கே என்ற சிற்றூர், உலகத்தின் கிவித் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் போடுகிற மாதிரியே பந்தல் போட்டு, ஆள் நின்று பறிக்கும் உயரத்தில் கொடியைப் படரவிடுகிறார்கள்.

இந்தக் கொடியைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும். ஒன்று, கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூவில் தேன் கிடையாது. அதனால் தேனீக்கு அதன்மேல் பெரிய நாட்டமில்லை. ஆனால் ஒரு நல்ல பச்சைக் கிவிக்குள் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்க வேண்டும். விதை குறைந்தால் பழம் சிறுத்துவிடும். ஆகவே தோப்புக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வைப்பதோடு நிற்காமல், மகரந்தத்தையே காசு கொடுத்து வாங்கிக் கருவி வைத்துப் பூவில் ஊதுகிறார்கள். மகரந்தம் அங்கே ஒரு வியாபாரச் சரக்கு.

இரண்டாவது, ஒரு ரகத்தின் கொடிகள் எல்லாமே ஒட்டுக் கட்டிப் பெருக்கியவை. மூக்கு வைத்த அந்தத் தங்க ரகத்துக்கு ஹார்ட்16ஏ என்று பெயர். 2000 வாக்கில் சந்தைக்கு வந்து நல்ல விலைக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்ற அத்தனை கொடியும் மேல்பாகத்தில் ஒரே ஒரு தாய்க்கொடியின் நகல்கள். ஒன்றைச் சாய்க்கத் தெரிந்த கிருமிக்கு மற்றதைச் சாய்க்கப் புதிதாகக் கற்க ஏதுமில்லை.

2010 நவம்பர் 5. தென்கோளத்தில் அது வசந்தம், கிவி பூக்கும் பருவம். டே புக்கேயில் ஒரு தோப்பின் இலைகளில் புள்ளிகள் தென்பட்டதாகத் தகவல் வந்தது. அந்தப் புள்ளியைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. கரும்பழுப்பு நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம். பூஞ்சைப் புள்ளிகள் பல வட்டமாக இருக்கும். இது கோணல்மாணலாக, முக்குமுக்காக இருந்தது. காரணம், பாக்டீரியா இலைச் செல்களுக்கு இடைப்பட்ட ஈரமான சந்துகளில் பெருகிக்கொண்டே போகும், நரம்பு குறுக்கிட்டால் சட்டென்று தாண்ட முடியாது. நரம்பு எங்கெங்கே தடுக்கிறதோ அதுவே புள்ளியின் ஓரம். கோணலான புள்ளியைக் கண்டால் பயிர்நோய்க்காரர்களுக்கு முதலில் பாக்டீரியா நினைவுக்கு வருவது இதனால்தான்.

இலைப்புள்ளியோடு போயிருந்தால் பெரிய சேதமில்லை. கிருமி இலையிலிருந்து கணுவுக்கும் கணுவிலிருந்து கொப்புக்கும் தண்டுக்கும் இறங்கியது. குளிர்காலக் கடைசியில் கொடியில் சாறு ஏறத் தொடங்கும்போது பட்டையின் வெடிப்புகளிலிருந்து ஒரு கசிவு வரும். முதலில் பால் போன்ற வெண்மை, பிறகு துரு கலந்த தண்ணீர் மாதிரிச் செம்பழுப்பு. கத்தியால் பட்டையை லேசாகச் சீவினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டிய இடம் பழுப்பேறி நைந்திருக்கும். துளிர் வாடும், மொட்டு கருகி உதிரும், கடைசியில் கொடியே பட்டுப்போகும். பழத்தைத் தின்கிறவருக்கு எந்த ஆபத்தும் கிடையாது. இந்தக் கிருமிக்கு மனித உடம்பில் வேலையில்லை.

அதன் முழுப்பெயர் சூடோமோனாஸ் சிரிங்கே ஆக்டினிடியே. வாய்க்கு வசப்படாது என்பதால் தோப்புக்காரர்கள் பிஎஸ்ஏ என்றே சொன்னார்கள். ஆள் புதிதல்ல. ஜப்பானின் ஷிசுவோக்கா வட்டாரத்தில் 1984-லேயே கண்டுபிடித்து, 1989-ல் பெயர் வைத்தார்கள். கொரியாவிலும் சீனாவிலும் இருந்தது. இத்தாலியில் 1992-ல் தென்பட்டு, பெரிய தொல்லை தராமல் கிடந்தது. 2008-ல் ரோமுக்குத் தெற்கே லத்தீனா வட்டாரத்தில் முன்னைவிடப் பல மடங்கு மூர்க்கமான ஒரு பிரிவு கிளம்பி மஞ்சள் கிவித் தோப்புகளை அழிக்கத் தொடங்கியது. டே புக்கேக்கு வந்ததும் அதே பிரிவுதான்.

"சரி அத்தான், எல்லா இலையிலயும் பாக்டீரியா இருக்கும்னு சொல்றாங்களே. அப்ப எல்லாச் செடியும் சாக வேணாமா?"

நியாயமான கேள்வி. இலையின் மேல் எப்போதும் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். பெரும்பாலானவை வெறுமனே குடியிருப்பவை. பூஞ்சைக்கு இலைத்தோலைத் துளைத்து நுழையும் வித்தை தெரியும். பாக்டீரியாவுக்குத் தெரியாது. ஏற்கெனவே திறந்திருக்கும் வழி வேண்டும். செடி மூச்சுவிடும் இலைத்துளை, நீர் கசியும் நுனித்துளை, கவாத்து வெட்டிய காயம், ஆலங்கட்டி அடித்த கீறல், உறைபனியில் வெடித்த பட்டை. பிறகு தண்ணீர் வேண்டும். காற்றோடு அடிக்கும் மழையில் ஒரு கொடியின் கசிவு திவலை திவலையாகப் பறந்து அடுத்த கொடியின் காயத்தில் போய் விழும். பிஎஸ்ஏவுக்கு இதமான வெப்பநிலை சுமார் 10 முதல் 20 டிகிரி செல்சியஸ்; பே ஆஃப் பிளென்டியின் வசந்த கால மழை அதற்கென்றே பெய்வது போலிருக்கும்.

உள்ளே போன பிறகு நடப்பது வினோதம். பாக்டீரியா தன் உடலிலிருந்து ஊசி மாதிரி ஒரு நுண்குழாயை நீட்டி, செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துகிறது. அந்தப் புரதங்களுக்கு முக்கிய வேலை, அபாய மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது. செடிக்கும் எதிர்ப்பு உண்டு. நம் உடம்பில் ஓடும் வெள்ளணுக்களைப் போல ரோந்துப் படை அதற்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஊடுருவிய புரதத்தை அடையாளம் கண்டுகொண்ட செல் உடனே தற்கொலை செய்துகொள்ளும். சுற்றியுள்ள சில செல்களும் சாகும். செத்த திட்டுக்குள் கிருமி சிக்கிப் பட்டினியில் ஓயும். எந்த ரகத்துக்கு அந்த அடையாளம் தெரிகிறதோ அது தப்பிக்கும். ஹார்ட்16ஏ அடையாளம் காணவில்லை. ஹேவர்ட் என்ற பழைய பச்சை ரகம் அடிபட்டாலும் பெரும்பாலும் சமாளித்து நின்றது.

"ஆஸ்பத்திரில குடுக்குற மாதிரி ஆன்டிபயாட்டிக் அடிச்சுட்டா?"

மருந்துக் கடைக்காரர் சொல்லிச் சொல்லி நம் எல்லாருக்கும் இந்த எண்ணம் ஊறியிருக்கிறது. நமக்கு மாத்திரை போட்டால் ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும். கொடியின் மேல் தெளித்தது கொடியின் மேலேயே நிற்கும். தண்டுக்குள், பட்டைக்கடியில் இருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. தாமிர மருந்துகளும் அப்படித்தான். திராட்சைக்கு போர்டோ கலவை கண்டுபிடித்த 1880களிலிருந்து உலகமெங்கும் தாமிரம் அடிக்கிறார்கள். இலைமேல் ஒரு படலமாகப் படிந்து, உள்ளே நுழையப் பார்க்கும் கிருமியைக் கொல்லும். நுழைந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. பயிருக்கு வரும் பாக்டீரியா நோயில் குணப்படுத்தும் மருந்து என்று ஒன்று நம் கையில் இல்லை. எதைச் செய்தாலும் நோய் வருமுன் செய்ய வேண்டும். வந்த பிறகு செய்வதெல்லாம் அடுத்த கொடிக்கும் அடுத்த பருவத்துக்கும்.

நியூசிலாந்துக்காரர்கள் இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அரசு இரண்டரைக் கோடி டாலர், தொழில்துறை இரண்டரைக் கோடி டாலர் என்று நிதி ஒதுக்கி, 2010 டிசம்பரில் கிவிஃப்ரூட் வைன் ஹெல்த் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் எண்ணம் வேரோடு ஒழித்துவிடலாம் என்பது. நோய் கண்ட கொடிகளை வெட்டி அழித்தார்கள். ஆனால் கண்ணுக்கு அறிகுறி தெரிவதற்கு முன்பே கிருமி பக்கத்துத் தோப்புகளுக்குப் போய்விட்டிருந்தது. இரண்டே வருடத்தில் நாட்டின் கிவிப் பரப்பில் பாதிக்கு மேல் நோய்கண்ட தோப்புகளுக்குள் அடங்கியது. ஒழிக்க முடியாது, இதோடு வாழப் பழக வேண்டும் என்று முடிவை மாற்றிக்கொண்டார்கள். கொடிக்குக் கொடி கவாத்துக் கத்தரியைக் கிருமிநாசினியில் முக்கினார்கள். தோப்பு விட்டுத் தோப்பு போகும் டிராக்டர், கூடை, செருப்பு எல்லாவற்றையும் கழுவினார்கள். மழைநாளில் கவாத்து கிடையாது. நாற்று எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பதிவு வைத்தார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசினும் அடித்தார்கள், கட்டுப்பாடுகளோடு. பூ விரியும் முன்பு மட்டும்; தேனில் மருந்து ஏறிவிடக் கூடாது என்பதற்காகத் தேனீக்காரர்களுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு. தாமிரம் வருடம் முழுக்க. சில வருடங்களிலேயே தாமிரத்தைத் தாங்கும் பிஎஸ்ஏ கிளம்பிவிட்டது. ஆராய்ந்து பார்த்தால், அந்தத் தாங்குசக்திக்கான மரபணுத் துண்டு கூடவே குடியிருந்த உள்ளூர் பாக்டீரியாக்களிடமிருந்து கைமாறி வந்திருந்தது. பாக்டீரியாக்கள் இப்படிப் பரிமாறிக்கொள்வது சகஜம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆப்பிள், பேரி மரங்களுக்கு வரும் தீக்கருகல் நோயும் 1970களிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாமல் போய்விட்டது.

தீக்கருகல் என்றதும் ஒரு கிளைக்கதை. பாக்டீரியாவால் செடிக்கு நோய் வரும் என்பதே அந்த நோயை வைத்துத்தான் முதலில் தெளிவானது. 1880 வாக்கில் இல்லினாயில் தாமஸ் பர்ரில் காட்டினார். நோயுள்ள நாடு என்று சொல்லி நியூசிலாந்து ஆப்பிளை ஆஸ்திரேலியா 1921-லிருந்து உள்ளே விடவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு வருட வழக்கு. பழத்தில் கிருமி வராது என்று வாதாடி, உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டில் நியூசிலாந்து ஜெயித்தது 2010 நவம்பர் கடைசியில். அதே மாதத் தொடக்கத்தில்தான் அதன் சொந்தத் தோப்புக்குள் வேறொரு கிருமி நுழைந்திருந்தது தெரியவந்தது. செய்தித்தாள்காரர்களுக்கு அந்த மாதம் தலைப்புப் பஞ்சமே இருந்திருக்காது.

சரி, பிஎஸ்ஏ எப்படி நுழைந்தது? நியூசிலாந்தைச் சுற்றிக் கடல். காற்று அவ்வளவு தூரம் கொண்டுவராது. கிருமியின் மரபணுவைப் படித்தவர்கள் சீனாவைக் கை காட்டினார்கள். தோப்புக்காரர்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 2009-ல் சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து இறக்குமதியான ஒரு மகரந்தச் சரக்கு வழியாக வந்திருக்கிறது, அதை அனுமதித்ததில் அமைச்சகம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று 2018-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சட்டப்படி அந்தப் பொறுப்பில்லை என்று தீர்ப்பை மாற்றியது. உச்ச நீதிமன்றம் போகுமுன் 2021-ல் 4 கோடி நியூசிலாந்து டாலருக்குச் சமரசம் ஆனது. தோப்புக்காரர்கள் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

மகரந்தம் காய்ந்த தூள். அதில் ஏது நோய் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். பூவின் சூல்முடியில் போய் உட்காரவே தயாரித்த தூள் அது என்பதை நினைத்தால் அந்தத் தீர்ப்பு எனக்கு வியப்பாக இல்லை. நோய்க்கிருமிக்கு இதைவிடச் சொகுசான வாகனம் ஒருவர் யோசித்துச் செய்தாலும் கிடைக்காது.

"அப்ப எப்படித்தான் மீண்டாங்க?"

அதிர்ஷ்டம் பாதி, முன்யோசனை பாதி. 2010 நடுவில், நோய் வருவதற்குச் சில மாதம் முன்பு, அங்குள்ள பயிர்ப்பெருக்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த புதிய ரகங்கள் சில வெளியாகியிருந்தன. அதில் ஒன்று கோல்ட்3. பிஎஸ்ஏவை மனதில் வைத்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை; சுவைக்காகவும் விளைச்சலுக்காகவும் எடுத்தது. நோய் பரவியபோது, ஹார்ட்16ஏ சாய்ந்துகொண்டிருந்த அதே காற்றில் இது நின்றது. நோயே வராத ரகம் இல்லை, வந்தாலும் தாங்கும். தோப்புக்காரர்கள் காய்த்துக்கொண்டிருந்த கொடிகளை அடித்தண்டு வரைக்கும் வெட்டி, பழைய வேரிலேயே கோல்ட்3 குச்சியை ஒட்டுக் கட்டினார்கள். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். வருமானம் வராத வருடங்களைக் கடனில் ஓட்டினார்கள், சிலர் நிலத்தை விற்றார்கள். இன்று நாம் வாங்கும் மூக்கில்லாத பழம் அதுதான். நியூசிலாந்தில் விளைச்சலில் பச்சையையே மிஞ்சிவிட்டது. அதைப் பயிரிடும் உரிமத்துக்கு 2021 ஏலத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நிலத்தின் விலை தனி.

எனக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. ஒரே நகலை நம்பி அடிபட்டவர்கள், இப்போது வேறொரு நகலை அதைவிட அகலமாக நட்டிருக்கிறார்கள். கிருமியும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. புதிய ரகங்களைச் சோதிக்கும்போது பிஎஸ்ஏவைத் தாங்குகிறதா என்று முதலிலேயே பார்க்கிறார்கள் என்பது ஆறுதல்.

இதற்குள் இரண்டாவது டீ வந்துவிட்டது. மச்சினன் கிவியை விட்டு நெல்லுக்கு வந்தான். அவன் வயலில் வந்தது பாக்டீரியா இலைக்கருகல். கிருமி வேறு குடும்பம், சாந்தோமோனாஸ் ஒரைசே. நடந்துகொள்ளும் விதம் ஒன்றேதான். நெல் இலையின் நுனியில் இருக்கும் நீர்த்துளை வழியாக நுழைந்து, நரம்புக் குழாயிலேயே இறங்கும். அதனால்தான் நுனியிலிருந்து, ஓரமாக, அலையலையாக மஞ்சள் இறங்கிப் பிறகு வைக்கோல் நிறமாகிறது. விடிகாலையில் வரப்பில் உட்கார்ந்து இலையோரத்தைப் பார்த்தால் பனித்துளிக்கு நடுவே கலங்கலான துளிகள் தெரியும். வெயில் ஏறினால் அவை காய்ந்து கடுகைவிடச் சின்ன மஞ்சள் மணிகளாக ஒட்டியிருக்கும். அது முழுக்கப் பாக்டீரியா. அடுத்த மழையில் கரைந்து பக்கத்து வயலுக்குப் போகும்.

"அது பனின்னுல்ல நெனச்சேன்" என்றான்.

ஜப்பானிய விவசாயிகளுக்கு இது 1884-லேயே தெரியும். இந்தியாவில் 1963-ல் பிகாரின் ஷாஹாபாத் மாவட்டத்தில் பெரிதாகத் தாக்கிய பிறகு எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். பசுமைப் புரட்சியின் முதல் ரகங்களான தைச்சூங் நேட்டிவ்-1, ஐஆர்8 இரண்டும் இதற்கு எளிதில் மசிபவை. யூரியா அதிகம் போட்டால் இன்னும் எளிது. தழைச்சத்து மிஞ்சினால் இலை மென்மையாகத் தழைத்து அடர்ந்து, உள்ளே ஈரம் தங்கும்.

இதற்கும் குணமாக்கும் மருந்தில்லை. விடை ரகத்திலேயே இருந்தது, ஆனால் கிவியைப் போலத் தற்செயலாகக் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டுநெல் ஒன்றில் இந்தக் கிருமியை அடையாளம் காணும் மரபணு இருந்தது. எக்ஸ்ஏ21 என்று பெயர். 1995-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமீலா ரொனால்டின் குழு அதைப் பிரித்தெடுத்துக் காட்டியது. செல்லின் வெளிப்புறத்தில் நின்று, கிருமியின் வாடை பட்டதும் உள்ளே செய்தி அனுப்பும் புரதம் அதிலிருந்து உருவாகிறது.

இன்னொன்று, எக்ஸ்ஏ13, எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. நெல்லில் சர்க்கரையைச் செல்லிலிருந்து வெளியே விடும் வாயில்கள் உண்டு. இந்தப் பாக்டீரியா உள்ளே செலுத்தும் ஒரு புரதம் நேராகப் போய், அந்த வாயிலை உண்டாக்கும் மரபணுவின் முகப்பில் உட்கார்ந்து அதை வேலை செய்ய வைக்கிறது. செடியே தன் சர்க்கரையை எடுத்து எதிரிக்கு ஊட்டுகிறது. எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் அந்த முகப்பின் எழுத்துகள் மாறியிருக்கும். பாக்டீரியாவின் புரதத்துக்கு உட்கார இடமில்லை; சாப்பாடும் இல்லை. அங்கே நெல் சண்டையே போடுவதில்லை.

இந்த இரண்டோடு எக்ஸ்ஏ5 என்ற மூன்றாவதையும் சேர்த்து, ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சாம்பா மசூரி ரகத்துக்குள் ஏற்றின. கலப்புச் செய்து செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு வந்திருக்கிறதா என்று பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த வேலை. ஆய்வகத்தில் மரபணுவைப் புகுத்திய பயிர் அல்ல. 2008-ல் மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரி என்று வெளியானது. நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று சாப்பிடுகிறோமே, பிபிடி 5204, அதற்கு அண்ணன் தம்பி முறை. ஒன்றுக்கு மூன்று மரபணு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றை மரபணு வைத்தால் கிருமி ஒரே ஒரு மாற்றத்தில் அதைத் தாண்டிவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டுவது கஷ்டம்.

கத்தரியிலும் தக்காளியிலும் இஞ்சியிலும் வரும் வாடல் நோய் பாக்டீரியாக் குலத்தின் இன்னொரு தொல்லை. காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் பச்சையாகவே தொங்கிவிடும். தண்ணீர் பாய்ச்சியும் நிமிராது. குழாய்களைக் கிருமி அடைத்திருக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வாடிய செடியின் தூருக்குப் பக்கத்தில் விரல் நீளத் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நனைகிற மாதிரி அசையாமல் பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து வெள்ளையாக, நூல் மாதிரி ஒரு இழை கீழே இறங்கும். பாலில் தோய்த்த நூல் அறுந்து தொங்குவது போல இருக்கும். அந்த இழை வந்தால் ரால்ஸ்டோனியா பாக்டீரியா. வராவிட்டால் பூஞ்சை வாடலா, வேரழுகலா என்று வேறு பக்கம் தேடலாம். ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. கத்தரிக்கு நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டிய நாற்று கிடைக்கிறது. சுண்டைக்கு அந்த வாடல் அவ்வளவாக வருவதில்லை. டே புக்கேயில் மேல்பாகத்தை மாற்றினார்கள், இங்கே கீழ்ப்பாகத்தை மாற்றுகிறோம்.

"கடைக்காரரு ஒரு பொட்டலம் குடுத்தாரே அத்தான், பாக்டீரியாவுக்குன்னு?"

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூளாக இருக்கும். வேளாண்மையில் இதைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. காசநோய்க்கு மனிதருக்குக் கொடுக்கும் மருந்தை வயலில் தெளித்தால் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள பாக்டீரியா அதற்குப் பழகிக்கொள்ளும் என்பது காரணம். கிவித் தோப்பில் தாமிரத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அதை வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ஒரு எளிய வழி பசுஞ்சாணக் கரைசல். சாணத்தைக் கரைத்துத் தெளியவிட்டு வடிகட்டி, அறிகுறி தெரிந்ததும் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை தெளிப்பது. நோய் பரவும் வேகத்தைக் குறைக்கும். வாடி விழுந்த இலையைப் பச்சையாக்காது.

அவனுக்கு உடனே உதவக்கூடியது வேறு. நாற்றைப் பறித்து நடும் முன் நுனியைக் கிள்ளுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தண்டு துளைப்பான் அந்துப்பூச்சி இலை நுனிக்குப் பக்கத்தில் முட்டை வைக்கும். கிள்ளி எறிந்தால் முட்டையும் போகும். தண்டு துளைப்பானுக்கு இது நல்ல யோசனை, வேளாண் துறை சொல்வதுதான். இலைக்கருகலுக்கு அதே துறை நேர்மாறாக, நுனியைக் கிள்ளி நடாதே என்கிறது. இரண்டும் சரி, கேட்கிறவர் தவித்துப்போவார். ஒரு முடி நாற்றில் ஒன்றிரண்டு நோய்ப்பட்டதாக இருந்தால் போதும். கிள்ளுகிற விரல் கிருமியை அடுத்த முடிக்கும் அதற்கடுத்த முடிக்கும் கொண்டுபோகும், ஒவ்வொரு நுனியிலும் புதுக்காயம் காத்திருக்கும், நட்ட கையோடு வயலில் தண்ணீர் நிற்கும். போன சம்பாவில் கருகல் வந்த வயல், அதே விதை, அதே பக்கத்து வயல் என்றால் நான் கிள்ளச் சொல்ல மாட்டேன். முட்டைக் குவியல் பழுப்பாக, மயிர் மூடி, கண்ணுக்கே தெரியும். நாற்றங்காலிலேயே பார்த்து, முட்டை இருக்கும் இலையை மட்டும் பறித்துப் போட்டுவிடலாம். முட்டை கண்டபடி கிடந்து, கருகல் வந்த பழக்கமே இல்லாத வயலென்றால், தாராளமாகக் கிள்ளி நடட்டும்.